நிற்பதா, விலகுவதா: ஜோ மான்ச்சின் முன் இருந்த வழிகள்

2023 நவம்பர் 9 அன்று மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஜோ மான்ச்சின் ஒரு காணொளி வெளியிட்டார். மீண்டும் தேர்தலில் நிற்கப் போவதில்லை. மாநிலத்துக்குச் செய்ய நினைத்ததைச் செய்துவிட்டேன். இனி நாடு முழுக்கச் சுற்றி, நடுவில் நிற்கும் மக்களை ஒன்றுசேர்க்க முடியுமா என்று பார்க்கப் போகிறேன் என்றார். அடுத்த தேர்தலுக்கு இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. ஆனால் வாஷிங்டனில் அந்தத் தொகுதியின் கணக்கை அன்றே முடித்துவிட்டார்கள். ஜனநாயகக் கட்சிக்கு 51, எதிரே குடியரசுக் கட்சிக்கு 49 என்றிருந்த மேலவையான செனட்டில் ஓர் இடம் போய்விட்டது என்று இரு தரப்பும் எழுதிக்கொண்டன.

விலகும் மிதவாத செனட்டர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அரசியல் நஞ்சாகிவிட்டது, பேசி முடிக்க ஆளில்லை, குடும்பத்துடன் நேரம் செலவிட வேண்டும். பெயரை மறைத்துவிட்டு அந்த அறிக்கைகளைக் கொடுத்தால் எது யாருடையது என்று சொல்வது கடினம். அதில் பொய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறிக்கையைவிட, விலகாமல் இருந்திருந்தால் என்னென்ன செய்திருக்கலாம் என்று பார்ப்பது அதிகம் சொல்லித்தரும். மான்ச்சின் விஷயத்தில் அந்த வழிகள் எல்லாமே முன்னால் யாரோ ஒருவர் நடந்து பார்த்தவை. போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற பதிவும் இருக்கிறது.

முதலில் மாநிலத்தைப் பற்றிக் கொஞ்சம். மேற்கு வர்ஜீனியா நிலக்கரி மாநிலம். சுரங்கத் தொழிலாளர் சங்கம் வலுவாக இருந்த காலம் முழுவதும் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 1988இல் அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் டுகாக்கிஸ் நாடு முழுக்க மண்ணைக் கவ்வியபோதுகூட இந்த மாநிலம் அவருக்குத்தான் வாக்களித்தது. 2000இல் ஜார்ஜ் புஷ் பக்கம் சாய்ந்தது. அதன்பின் அதிபர் தேர்தலில் திரும்பவே இல்லை. 2016இல் டிரம்ப் அங்கே வென்றது சுமார் 42 சதவீத வித்தியாசத்தில், 2020இல் 39.

இப்படிப்பட்ட மாநிலத்தில் மான்ச்சின் எதிர்க்காற்றில் தேர் இழுத்தவர். கவர்னராக இருந்து, செனட்டர் ராபர்ட் பேர்ட் 2010இல் இறந்தபின் அவருடைய இடத்துக்கு வந்தார். (அங்கே கவர்னர் என்றால் நம் ஊர் ஆளுநர் அல்ல, மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநில நிர்வாகத் தலைவர், ஏறக்குறைய நம் முதலமைச்சர் மாதிரி.) அந்த 2010 தேர்தலில் தன் கட்சியின் கரியமில வாயுக் கட்டுப்பாட்டு மசோதாவையே துப்பாக்கியால் சுடும் விளம்பரம் ஒன்றை எடுத்தார். 2012இல் 60 சதவீத வாக்கு. 2018இல் வெறும் 3 சதவீதச் சொச்சத்தில் தப்பினார். சரிவு கண்ணுக்குத் தெரிந்தது.

அதே கட்சி, அதே சின்னம்

மீண்டும் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகவே நிற்பது முதல் வழி. உட்கட்சித் தேர்தல், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று கட்சி ஆதரவாளர்கள் வாக்களித்துத் தீர்மானிப்பது, அவருக்குப் பிரச்சினையே இல்லை. கட்சியின் இடதுசாரிப் பிரிவுக்கு அவர் மேல் எரிச்சல் இருந்தாலும் அந்த மாநிலத்தில் அவரைவிட்டால் நிறுத்த ஆளில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். சிக்கல் பொதுத்தேர்தலில்.

2018இல் எப்படித் தப்பினார் என்று பார்த்தால் 2024இல் ஏன் முடியாது என்பது விளங்கும். அது டிரம்ப் பெயர் வாக்குச்சீட்டில் இல்லாத இடைக்காலத் தேர்தல். நாடு முழுக்க ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான காற்று. எதிரே நின்ற பேட்ரிக் மோரிசி நியூ ஜெர்சியில் வளர்ந்தவர், 2000இல் அங்கேயே நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முயன்றவர். 'வெளியூர்க்காரர்' என்று சொல்லி அடிக்க வசதியாக இருந்தது. தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, பிரெட் கேவனாவின் உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்தில் ஆதரவாக வாக்களித்த ஒரே ஜனநாயகக் கட்சி செனட்டர் மான்ச்சின். அதே ஆண்டு நார்த் டகோட்டாவின் ஹைடி ஹைட்கேம்ப் எதிர்த்து வாக்களித்துத் தோற்றார். மிசௌரியின் மெக்கேஸ்கில், இந்தியானாவின் டானலி ஆகியோரும் எதிர்த்தார்கள், தோற்றார்கள். ஒரு வாக்குதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 3 சதவீத வெற்றியில் ஒவ்வொரு சின்னக் காரணமும் கணக்கில் வரும்.

2024இல் இதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டிரம்ப் வாக்குச்சீட்டின் உச்சியில் இருப்பார். எதிரே ஜிம் ஜஸ்டிஸ்: கவர்னர், நிலக்கரிக் குடும்பம், கிரீன்பிரையர் சொகுசு விடுதியின் உரிமையாளர், பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். போகிற இடமெல்லாம் 'பேபிடாக்' என்ற புல்டாக் நாயையும் கூட்டிக்கொண்டு போவார். அவருடைய நிறுவனங்களின் கடன், அபராதப் பாக்கிகள் பற்றிய செய்திகள் ஏராளம் வந்தன; ஒன்றும் ஒட்டவில்லை.

இந்த ஜஸ்டிஸ் விஷயத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. 2016இல் அவர் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகக் கவர்னர் தேர்தலில் நின்றபோது அவரை ஆதரித்தவர் மான்ச்சின். பதவியேற்று ஏழே மாதத்தில், டிரம்ப் பங்கேற்ற கூட்ட மேடையில் ஏறிக் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். அடுத்த ஆண்டு தன் அமைச்சரவையில் இருந்த மான்ச்சினின் மனைவி கெய்லையும் பதவிநீக்கம் செய்தார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2022. முந்தைய டிசம்பரில் பைடனின் பெரிய சமூகநலத் திட்டத்தைத் தொலைக்காட்சியில் வைத்தே 'முடியாது' என்று சொல்லிக் கொன்றவர், ஜூலையில் தன் கட்சியின் செனட் தலைவர் சக் ஷூமரோடு ரகசியமாகப் பேசி வேறொரு வடிவத்துக்குச் சம்மதித்தார். பணவீக்கக் குறைப்புச் சட்டம் என்று பெயர்; உள்ளே சுமார் 369 பில்லியன் டாலர் எரிசக்திக்கும் காலநிலைக்கும். துணை அதிபரின் வாக்கோடு செனட்டில் 51-50. அவர் கைதூக்காமல் அது நிறைவேறியிருக்காது. முதல் முடிவில் இடதுசாரிகளின் வெறுப்பையும் இரண்டாவது முடிவில் சொந்த மாநிலத்தின் வெறுப்பையும் சம்பாதித்தார். மாநிலத்தில் அவருக்கிருந்த ஆதரவு அதன்பின் மளமளவென்று இறங்கியது. 2023இன் கருத்துக்கணிப்புகளில் ஜஸ்டிஸ் நல்ல இடைவெளியில் முன்னால் இருந்தார்.

நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது ஓரளவு அளந்து பார்க்கலாம். 2024இல் இதே நிலையில் நிற்கத் துணிந்த இருவர் உண்டு. மொன்டானாவின் ஜான் டெஸ்டர், டிரம்ப் சுமார் 20 சதவீதத்தில் வென்ற மாநிலத்தில் 7 சதவீதத்தில் தோற்றார். ஓஹையோவின் ஷெராட் பிரவுன், டிரம்ப் 11 சதவீதத்தில் வென்ற இடத்தில் 4 சதவீதத்துக்குக் குறைவாகத் தோற்றார். அதாவது சொந்தச் செல்வாக்கால் டெஸ்டர் இழுத்துப் பிடித்தது 13 சதவீதம், பிரவுன் ஏழெட்டு. இருவருமே நல்ல வேட்பாளர்கள், பணத்துக்கும் குறைவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் டிரம்ப் வென்ற வித்தியாசம் அந்த முறை 42 சதவீதம். மான்ச்சின் டெஸ்டரைப்போல் இரண்டு மடங்கு இழுத்திருந்தாலும் பத்துக்கு மேற்பட்ட சதவீதத்தில் தோற்றிருப்பார்.

கட்சி மாறுவது

அப்படியானால் காற்று அடிக்கும் பக்கமே போய்விட வேண்டியதுதானே? நம் நாட்டில் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது; கொறடா உத்தரவை மீறினாலே பதவி போகலாம். அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. ஒரு செனட்டர் காலையில் ஒரு கட்சி, மாலையில் இன்னொரு கட்சி என்று இருக்கலாம், பதவிக்கு ஆபத்தில்லை. 2001இல் வெர்மான்ட் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் குடியரசுக் கட்சியைவிட்டு வெளியேறியபோது 50-50 ஆக இருந்த அவையின் பெரும்பான்மையே கைமாறியது. மான்ச்சினையும் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் மிச் மெக்கானல் 2021இல் வெளிப்படையாகவே அழைத்தார்.

சட்டம் தடுக்கவில்லை, வாக்காளர் தடுப்பார். புதுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் யார் வாக்களிக்கிறார்களோ, இத்தனை நாள் அவரை எதிர்த்தவர்களே அவர்கள். பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 1980 முதல் குடியரசுக் கட்சி சார்பில் ஐந்து முறை வென்றவர். 2009 பிப்ரவரியில் ஒபாமாவின் பொருளாதார மீட்பு மசோதாவுக்கு வாக்களித்த மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவர். சொந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும் ஏப்ரலில் ஜனநாயகக் கட்சிக்கு மாறினார். ஒபாமா, பைடன் இருவரும் அவர் பக்கம். மாறினால்தான் மீண்டும் வெல்ல முடியும் என்று அவரே வாய்விட்டுச் சொன்ன துண்டை எடுத்து, புதுக் கட்சியில் அவரை எதிர்த்த ஜோ செஸ்டாக் விளம்பரமாக ஓட்டினார். 2010 மே மாதம் 54-46 என்று ஸ்பெக்டர் தோற்றார். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மாறி ஜெயித்தவர்களும் உண்டு. அலபாமாவின் ரிச்சர்ட் ஷெல்பி 1994 தேர்தல் முடிந்த மறுநாள் குடியரசுக் கட்சிக்கு மாறி, 2023 ஜனவரி வரை செனட்டில் இருந்தார். கொலராடோவின் பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல் 1995இல் மாறி 1998இல் மீண்டும் வென்றார். ஜஸ்டிஸையே எடுத்துக்கொள்ளலாம். இவர்களுக்கும் ஸ்பெக்டருக்கும் என்ன வித்தியாசம்? ஷெல்பியும் ஜஸ்டிஸும் மாநிலம் சாய்ந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த தேர்தல் இன்னும் சில ஆண்டுகள் தள்ளி இருக்கும்போதே மாறினார்கள். புது வீட்டில் பழக நேரம் கிடைத்தது. மான்ச்சினுக்கு அந்த நேரம் 2017 வாக்கில் இருந்தது. அதன்பின் டிரம்ப் மீதான இரண்டு பதவிநீக்க விசாரணைகளிலும், 2020இலும் 2021இலும், குற்றவாளி என்று வாக்களித்தார். அந்த வாக்குகளோடு மேற்கு வர்ஜீனியாவின் குடியரசுக் கட்சி உட்கட்சித் தேர்தலில் நிற்பதற்குப் பதில் வீட்டில் இருக்கலாம். டிரம்ப் 2023 அக்டோபரிலேயே ஜஸ்டிஸுக்கு ஆதரவு தெரிவித்தும்விட்டார்.

சுயேச்சை

வெளியிலிருந்து பார்க்க மிதவாதிக்குப் பொருத்தமான வழி இதுதான். இரு கட்சியையும் பிடிக்காதவர்கள் ஏராளம், நடுவில் ஒருவர் நின்றால் அள்ளிக்கொள்ள மாட்டாரா என்று கேட்பார்கள். இரண்டு வெற்றிக் கதைகளைத்தான் எப்போதும் எடுத்துக்காட்டுவார்கள்.

கனெக்டிகட்டின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ லீபர்மன், ஈராக் போரை ஆதரித்ததால் 2006 ஆகஸ்டில் உட்கட்சித் தேர்தலில் நெட் லமான்ட்டிடம் தோற்று, நவம்பரில் சுயேச்சையாக நின்று கிட்டத்தட்ட 50 சதவீதம் பெற்று வென்றார். 2010இல் அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் லிசா முர்கவ்ஸ்கி உட்கட்சித் தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்றபின், வாக்குச்சீட்டில் பெயரே அச்சாகாமல் வாக்காளர்கள் கைப்பட எழுதிப் போட்டு வென்றார். 1954இல் ஸ்ட்ராம் தர்மண்டுக்குப் பிறகு செனட்டில் அப்படி வென்றவர் அவர்தான். பெயரைத் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று எழுத்துகள் அச்சிட்ட கைப்பட்டைகளை விநியோகித்தார்கள். எழுத்துப்பிழை உள்ள வாக்குகளைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி மில்லர் நீதிமன்றம் போனார்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். லீபர்மன் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் வாங்கியது பத்து சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் கட்சி வாக்குகள் லீபர்மனிடம் வந்தன. முர்கவ்ஸ்கி தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது சுமார் 23 சதவீதம். சுயேச்சை வெல்வது நடுவில் நிற்பதால் அல்ல. இரு பெரிய கட்சிகளில் ஒன்று படுத்துவிடுவதால். அதிலும் மிச்சமிருக்கும் கட்சி அந்த மாநிலத்தில் தனியாகப் பெரும்பான்மை பெறக்கூடியதாக இருக்கக் கூடாது.

மேற்கு வர்ஜீனியாவில் படுக்கக்கூடியது ஜனநாயகக் கட்சிதான். அது வேட்பாளரே நிறுத்தாமல் ஒதுங்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. கன்சாஸில் 2014இல் கிரெக் ஓர்மன், யூட்டாவில் 2022இல் எவன் மெக்மல்லின், நெப்ராஸ்காவில் 2024இல் டான் ஆஸ்போர்ன். மூன்று இடங்களிலும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் களத்தில் இல்லை. மூன்று இடங்களிலும் சுயேச்சை 43 முதல் 47 சதவீதம் வரை வந்தார். மூன்று இடங்களிலும் எதிரே நின்ற குடியரசுக் கட்சிக்காரர் வாங்கியது சுமார் 53. இந்த மூன்றைவிடவும் டிரம்ப் பக்கம் சாய்ந்த மாநிலம் மேற்கு வர்ஜீனியா. மான்ச்சின் 2024 மே மாதக் கடைசியில் கட்சிப் பதிவைச் சுயேச்சை என்று மாற்றிக்கொண்டபோது, கடைசி நேரத்தில் நிற்கப் போகிறாரோ என்று பேச்சு கிளம்பியது, நிற்கவில்லை.

அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமாவுக்குச் சூழ்நிலை வேறு. அவர் 2022 டிசம்பரில் ஜனநாயகக் கட்சியிலிருந்து விலகிச் சுயேச்சையானார். அங்கே இரு கட்சியும் ஏறக்குறையச் சம பலம். இரண்டுமே படுக்கத் தயாரில்லை. 2024 மார்ச்சில் அவரும் விலகினார். அதே இடத்தில் அவருக்கு முன் இருந்த குடியரசுக் கட்சியின் ஜெஃப் ஃபிளேக்கும், டிரம்ப்போடு மோதி உட்கட்சித் தேர்தலில் தேறமாட்டோம் என்ற நிலையில், 2017 அக்டோபரில் அவையிலேயே விலகலை அறிவித்தவர். ஒரே நாற்காலி, இரண்டு கட்சி, அடுத்தடுத்து இரண்டு மிதவாதிகள்.

கவர்னர் பதவிக்குத் திரும்புவது, மூன்றாவது அணியின் அதிபர் வேட்பாளராவது ஆகியவற்றை இங்கே நீட்ட வேண்டியதில்லை. முதலாவதில் அதே மாநிலம், அதே வாக்காளர். இரண்டாவதை 'நோ லேபிள்ஸ்' அமைப்பு முயன்று பார்த்தது. 2024 பிப்ரவரியில் மான்ச்சின் தான் இல்லை என்றார், ஏப்ரலில் அமைப்பே கைவிட்டது.

மூன்று வேறு கணக்குகள்

மிச்சம் இருப்பது விலகல். மிதவாதி ஒருவர் விலகினார் என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று வேறு வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சொந்தக் கட்சிக்காரன் என்னை மீண்டும் நிறுத்துவானா? நிறுத்தினாலும் மாநிலம் தேர்ந்தெடுக்குமா? தேர்ந்தெடுத்தாலும் அங்கே போய் உட்கார்ந்து ஆறு வருஷம் என்ன செய்வேன்? ஒவ்வொருவரும் வேறு வேறு கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்.

முதல் கேள்வியில் நின்றவர்களில் அண்மைக்காலத்தவர் நார்த் கரோலினாவின் குடியரசுக் கட்சி செனட்டர் தாம் டில்லிஸ். 2025 ஜூன் 28 இரவு, ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தில் வெட்டு இருக்கிறது என்று சொல்லி டிரம்ப்பின் பெரிய வரி மசோதாவை விவாதத்துக்கு எடுப்பதை எதிர்த்து வாக்களித்தார். அவரை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் ஆள் நிறுத்துவேன் என்று டிரம்ப் மிரட்டினார். மறுநாளே டில்லிஸ் விலகலை அறிவித்தார். இதற்கு முன்னே நின்று பார்த்த ரிச்சர்ட் லூகருக்கு நடந்தது நினைவில் இருக்கும்: இந்தியானாவில் 36 ஆண்டு செனட்டர், அணு ஆயுதக் குறைப்பில் உலகப் பெயர், 2012 மே மாத உட்கட்சித் தேர்தலில் சுமார் 39 சதவீதம்தான்.

மான்ச்சின் இரண்டாவது கேள்வியில் நின்றார். மூன்றாவதிலும் அவருக்குக் கொஞ்சம் இடித்தது. 2021, 2022இல் அவை 50-50 ஆக இருந்ததால்தான் ஒரு சிறிய மாநிலத்தின் செனட்டர் அதிபரைக் காத்திருக்க வைக்க முடிந்தது. ஜனநாயகக் கட்சி சிறுபான்மையானால் எரிசக்திக் குழுத் தலைவர் பதவி போகும், அந்த ஒற்றை வாக்கின் விலையும் போகும். அறிவிக்கும்போது அவருக்கு 76 வயது. வென்றிருந்தால் பதவிக்காலம் முடியும்போது 83. அதே வயதுள்ள யூட்டா செனட்டர் மிட் ராம்னி இரண்டு மாதம் முன்பு வயதையே முதல் காரணமாகச் சொல்லி விலகியிருந்தார்.

மூன்றாவது கேள்வி மட்டுமே காரணமாக விலகியவர் என்று நான் நம்புவது மெய்ன் மாநிலத்தின் ஒலிம்பியா ஸ்னோவை. அதனால்தான் அவருடைய முடிவு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடச் சுவாரசியமாகத் தெரிகிறது. 2006இல் 74 சதவீதம் வாங்கியவர். 2012இல் பொதுத்தேர்தலில் அவரை வெல்ல ஆளில்லை; உட்கட்சியில் எதிர்த்தவர்கள் பெரிதாக எழவும் இல்லை. கையில் பணமும் இருந்தது. ஆனாலும் 2012 பிப்ரவரி 28 அன்று, வேட்புமனுவுக்கு இரண்டே வாரம் இருக்கும்போது, நிற்கவில்லை என்றார். செனட்டின் கட்சிச் சண்டை அண்மையில் மாறும் என்று எதிர்பார்க்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அவர் பட்ட அனுபவத்தைப் பார்த்தால் புரியும். 2009 அக்டோபரில் நிதிக் குழுவில் ஒபாமாவின் சுகாதார மசோதாவுக்கு ஆதரவளித்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர். பல மாதம் பேசிப் பேசி, டிசம்பரில் அவையில் வந்தபோது எதிர்த்து வாக்களித்தார். பெரும்பாலான மசோதாக்கள் நகர 60 வாக்கு தேவைப்படும் அவையில், நடுவில் நிற்பவரிடம் இரு தரப்பும் கேட்பது அவருடைய யோசனையை அல்ல, அவருடைய கையை.

ஸ்னோவின் முடிவைச் சரி என்று சொல்ல எனக்குத் தயக்கம். அதே மாநிலம், அதே கட்சி, அதே மிதவாதம் கொண்ட சூசன் காலின்ஸ் இருக்கிறார். 2020இல் ஏறக்குறைய எல்லாக் கருத்துக்கணிப்பும் அவர் பின்தங்கியிருக்கிறார் என்றது. பைடன் அங்கே 9 சதவீதத்தில் வென்றார். காலின்ஸும் 8 சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். 2016, 2020 இரண்டு தேர்தலையும் சேர்த்து, எதிர்க்கட்சி அதிபர் வேட்பாளர் வென்ற மாநிலத்தில் ஜெயித்த ஒரே செனட்டர் அவர். நாற்காலிக்கு வேலையில்லை என்பதும் பொய்த்தது. 2021இன் 1.2 டிரில்லியன் டாலர் உள்கட்டமைப்புச் சட்டம் இரு கட்சிச் செனட்டர்கள் கூடி எழுதியது. அதிபர் தேர்தல் வாக்குகளை எண்ணும் பழைய நடைமுறையைத் திருத்திய 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்நின்றவர்கள் காலின்ஸும் மான்ச்சினும். ஆனால் இதெல்லாம் ஸ்னோ போய் ஒன்பது, பத்து ஆண்டு கழித்து நடந்தவை. அந்த இடைக்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை என்றும் கேட்கலாம்.

விலகுவது என்று முடிவானபின் எப்போது சொல்வது என்பது தனிக் கேள்வி, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்னோ கடைசி நேரத்தில் சொன்னதால் யாருக்கும் ஆயத்தமாக நேரமில்லை. மாநிலம் முழுக்கத் தெரிந்த முன்னாள் கவர்னர் ஆங்கஸ் கிங் சுயேச்சையாக இறங்கினார், 53 சதவீதம் பெற்றார். ஒரு மிதவாதியின் இடம் இன்னொரு நடுநிலையாளருக்கே போனது. ஜனநாயகக் கட்சி செனட்டர் எவன் பே 2010இல் இந்தியானாவில் மனு முடிய நான்கு நாள் இருக்கும்போது விலகினார்; அந்த இடம் எதிர்க்கட்சிக்குப் போனது. ஆறு ஆண்டு கழித்து அதே இடத்துக்கு மீண்டும் நின்ற பே, டாட் யங்கிடம் 10 சதவீதத்தில் தோற்றார். போய்விட்டுத் திரும்பி வரலாம் என்று நினைப்பவர்கள் அவரைப் பார்க்க வேண்டும். மான்ச்சின் ஓர் ஆண்டு முன்பே சொல்லிவிட்டார். கட்சிக்கு அதில் லாபம்: காப்பாற்ற முடியாத மாநிலத்தில் பணத்தைக் கொட்டாமல் மொன்டானாவுக்கும் ஓஹையோவுக்கும் திருப்ப முடிந்தது, அங்கேயும் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். மேற்கு வர்ஜீனியாவில் ஜஸ்டிஸ் சுமார் 69 சதவீதம் வாங்கினார்.

ஆக, மான்ச்சினுக்கு விலகல் சரியான முடிவு, ஸ்னோவுக்கு அவசர முடிவு, டில்லிஸுக்கு வேறு வழியில்லாத முடிவு என்பது என் கணிப்பு. ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். அலாஸ்கா 2020இல் தேர்தல் முறையையே மாற்றியது: எல்லாக் கட்சிக்கும் பொதுவான முதல்கட்டம், அதில் முதல் நால்வர், பின் வரிசைப்படுத்தி வாக்களிப்பது. டிரம்ப்பைக் குற்றவாளி என்று வாக்களித்த முர்கவ்ஸ்கி, 2022இல் டிரம்ப் ஆதரித்த கெல்லி ஷிபாகாவை அந்த முறையில் வென்றார். பழைய முறையில் உட்கட்சித் தேர்தலோடு அவர் கதை முடிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டில்லிஸ் அலாஸ்காக்காரராக இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு அறிவிப்பு வந்திருக்கலாம்.

விலகுவதாகச் சொன்ன பிறகும் மான்ச்சினுக்கு ஓராண்டுக்கு மேல் பதவி இருந்தது. அதை வைத்து அவர் செய்தது இன்னும் விவாதத்துக்கு உரியது. ஒரு குடியரசுக் கட்சி வாக்குக்கூட இல்லாத நீதிபதி நியமனத்துக்குத் தன் வாக்கு கிடையாது என்று 2024 மார்ச்சில் அறிவித்தார். எரிசக்தித் திட்டங்களுக்கு அனுமதி விரைவாகக் கிடைக்க குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் பராஸோவோடு சேர்ந்து எழுதிய மசோதா குழுவில் தேறியது, சட்டமாகவில்லை. டிசம்பர் 11 அன்று, தொழிலாளர்-நிர்வாகத் தகராறுகளைத் தீர்க்கும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் லாரன் மெக்ஃபெரனை மீண்டும் நியமிப்பதை அவரும் சினிமாவும் எதிர்த்தார்கள். 49-50 என்று தோற்றது. வாரியத்தின் பெரும்பான்மையைத் தன் ஆட்கள் கையில் இன்னும் இரண்டு ஆண்டு வைத்திருக்க ஜனநாயகக் கட்சி போட்ட கணக்கு அதோடு கலைந்தது. சுரங்கச் சங்கங்களின் வாக்கில் வளர்ந்தவர் அவர். 2018இல் இப்படி ஒரு வாக்கைப் போட்டிருப்பாரா என்பது சந்தேகம். 2024 டிசம்பரில் அவர் யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை.